தட்டணு உதிர்க்கும் தூசு



"கணியூரில் போய் நோயெதிர்ப்பியல் கருத்தரங்கா?" என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்களாம். இங்கே நடத்தாமல் வேறெங்கே நடத்துவது? குழாயில் தண்ணீர் வராத நாளுக்காக டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைக்கும் திருப்பூர்ப் பக்கத்து வட்டாரம் இது. ஏடிஸ் கொசுவுக்கு அதற்குமேல் வசதி வேண்டாம். டெங்குவுக்கான சான்று 1956-இலேயே நம் வேலூரிலிருந்து வந்திருக்கிறது. மழைக்காலத்தில் பனியன் கம்பெனியில் யாருக்காவது காய்ச்சல் என்றால், "பிளேட்லெட் எவ்வளவு?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எண்ணிக்கை குறைவதைக் கவனிக்கிறோம்; குறையும்போது அந்த பிளேட்லெட்டுகள், அதாவது தட்டணுக்கள், எதை உதிர்க்கின்றன என்று யாரும் கேட்பதில்லை.

தட்டணுக்களை நீக்கிய பிளாஸ்மாவிலும் உறைதலைத் தூண்டும் நுண்பொருள் எஞ்சியிருப்பதை 1967-இல் பீட்டர் வுல்ஃப் காட்டினார். தட்டணுத் தூசு என்று அதற்குப் பெயரும் வைத்தார். வெகுகாலம் அது கழிவாகவே கிடந்தது, கட்டிங் வேஸ்டிலிருந்தும் நூல் எடுக்கலாம் என்று திருப்பூர் கண்டுகொள்வதற்கு முன்பு போல.

அந்தத் தூசு, அதாவது நுண்துகள், உண்டாவது இப்படித்தான்: செல் தூண்டப்படும்போதோ சாகும்போதோ அதன் மேற்படலம் மொட்டுவிட்டுப் பிரிகிறது. அளவு ஏறத்தாழ 100 முதல் 1000 நானோமீட்டர். உள்பக்கம் இருந்த பாஸ்ஃபாடிடைல்செரின் வெளியே திரும்ப, உறைதல் காரணிகள் அதன்மேல் வந்து அமர்கின்றன. முடக்குவாத மூட்டுநீரில் தட்டணு நுண்துகள்கள் அழற்சியை வளர்ப்பதை 2010-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

நமக்கு நெருக்கமானது 2013-இல் பிரேசிலிலிருந்து வந்த ஆய்வு. டெங்கு நோயாளியின் தட்டணுக்கள் உதிர்க்கும் துகள்களில் இன்டர்லியூக்கின்-1 பீட்டா இருக்கிறது. ரத்தக்குழாய் உட்சுவரின் கசிவை அது கூட்டுகிறது. காய்ச்சல் விட்டது, பையன் தேறிவிட்டான் என்று வீடு நிம்மதியாகும் அந்த ஓரிரு நாளில்தான் பிளாஸ்மா கசிந்து நிலைமை மோசமாகிறது என்பதை இங்குள்ள மருத்துவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காகத் துகளெல்லாம் வில்லன் என்று முடிவுகட்ட வேண்டாம். 2015-இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் பார்த்தபோது, தட்டணுத் துகள்கள் குறைந்தவர்களிடம்தான் ரத்தக்கசிவுப் போக்கு தெரிந்தது. நோயின் கடுமையோடு கூடியவை சிவப்பணுத் துகள்கள். எந்தச் செல்லின் துகள் என்று பிரிக்காமல் மொத்தமாக எண்ணிப் பயனில்லை.

எண்ணுவதிலேயே தகராறு இருக்கிறது. ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கிக் கட்டி வைத்திருந்தாலும், குழாயைக் குலுக்கினாலும், தட்டணுவை நீக்காமல் குளிரில் உறைய வைத்தாலும் குழாய்க்குள்ளேயே புதுத் துகள்கள் பிறக்கும். துகள்களை எண்ணும் பழைய ஃப்ளோ சைட்டோமீட்டர்களின் கண்ணில் சிறிய துகள்கள் படுவதே இல்லை. இந்த நிலையில் துகள் எண்ணுவதை ஒரு பரிசோதனையாக்கி லேபில் விலைப்பட்டியல் போடுவது அவசரம் என்பேன். இன்றைக்குக் கையில் இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பிசிவி அளவை ஒழுங்காகத் தொடர்ந்து பார்த்தாலே போதும். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றுவதில் பலனில்லை, பக்கவிளைவுதான் கூடுகிறது என்று 2017-இல் சிங்கப்பூர், மலேசிய ஆய்வு சொல்லிவிட்டது. ஆனாலும் உறவினர்கள் பிளேட்லெட் பைக்கு அலைவது நிற்கவில்லை.

முதல் அமர்வுக் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம். எந்தக் குழாயில் ரத்தம் எடுத்தீர்கள், எந்த வேகத்தில் எத்தனை நிமிடம் சுழற்றினீர்கள் என்பதை முதல் ஸ்லைடிலேயே சொல்லிவிடுங்கள்.