தண்ணீர் குடிக்காத பெண்கள்

திருப்பூர்ப் பெருமக்களே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்து உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே!

காலையில் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை மாலையில் அப்படியே திருப்பிக் கொண்டுபோகிற பெண்கள் நம் பனியன் கம்பெனிகளில் உண்டு. தாகம் இல்லாமலா? குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டும். போனால் பீஸ் குறையும், சூப்பர்வைசர் முகம் மாறும். பிறகு நீர்க்கடுப்பு வருகிறது. "உடம்புச் சூடு" என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு மறுநாளும் மெஷினில் உட்காருகிறாள். எண்ணெயை நான் பழிக்கவில்லை. எரிச்சல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லையே, அதுதான் என் ஆத்திரம்!

தண்ணீர் குறைந்து, சிறுநீரையும் அடக்கினால் கிருமி பெருகும். இந்த ஒன்றைத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். "என் உடம்புவாகு அப்படி" என்று நொந்துகொண்டவள், "இடைவேளை ஏன் இல்லை?" என்று கேட்பாள்.

ஆனால் கம்பெனிகளில் நடக்கிற சுகாதார வகுப்புகளில் பெரும்பாலும் என்ன சொல்கிறார்கள்? கீரை சாப்பிடு, சுத்தமாக இரு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இத்தனை பேருக்கும் கீரையின் அருமை தெரியாதா? ஓவர்டைம் முடிந்து இரவில் வீடு திரும்புகிறவள் எப்போது கீரை ஆய்வாள்?

ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிலக்கு வலிக்குப் பெயரே இல்லாத மாத்திரையைக் கையில் கொடுத்து வேலைக்கு அனுப்பும் வழக்கத்தை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிக்கொண்டுவந்தது. "இது என்ன மாத்திரை?" என்று கேட்கக் கற்றுத்தராத பாடம் என்ன பாடம்?

ஜவுளிக்கடைப் பெண்களைப் பாருங்கள். நாளெல்லாம் நின்று கால் வீங்கியபோது, அதையும் உடம்பின் குறையென்றே பொறுத்தார்கள். அவர்கள் உட்கார நாற்காலி போடவேண்டும் என்று 2021இல் நம் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. தொழிற்சாலையில் நின்று வேலை செய்கிறவருக்கு இருக்கை வேண்டுமென்று 1948இலேயே சட்டத்தில் எழுதிவைத்திருந்தார்கள். அந்த இருக்கை கடைக்கு வர அத்தனை காலம் பிடித்தது.

முன்வரிசையில் இருக்கும் முதலாளிமார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். சுகாதார வகுப்பை ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள். ஷிப்ட் நேரத்தில், சம்பளத்தோடு வையுங்கள். சூப்பர்வைசரையும் கூட்டிவந்து உட்காரவையுங்கள். கழிப்பறைக்கு டோக்கன் கொடுக்கும் முறை உங்கள் கம்பெனியில் இருந்தால், வகுப்பு தொடங்கும்வரை காத்திருக்கவேண்டாம், நாளைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள்.