விற்பனைக்காரர் சொன்னதும் நாங்கள் கேட்டதும்

(புணே உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

வருமான வரி, உயில், சர்க்கரை வியாதி என்று உபயோகமான விஷயங்களைப் பேசும் இந்த மேடையில், "உங்கள் உத்தியோக அனுபவத்தையே பேசுங்களேன்" என்று செயலாளர் சொன்னபோது தயங்கினேன். என் வேலை என்ன என்பதை என் ஆத்துக்காரிக்கே இருபது வருஷமாகப் புரியவைக்க முடிந்ததில்லை. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இந்த மாதிரிக் கம்பெனிகளில்தான் இருக்கிறார்கள். அதனால் ஒப்புக்கொண்டேன்.

நான் இருந்தது, பெரிய நிறுவனங்களுக்கான ஸ்டோரேஜ் ஸாஃப்ட்வேர் எழுதும் ஒரு கம்பெனி. ஒரு வங்கியின் கணக்குகள் எல்லாம் அலமாரி அளவு பெட்டிகளில், நூற்றுக்கணக்கான டிஸ்குகளில் இருக்கும். எதை எந்த டிஸ்கில் எழுதுவது, இரண்டு டிஸ்க் ஒரே சமயத்தில் பழுதானாலும் தகவல் போகாமல் எப்படிக் காப்பது, வேறு ஊரில் நகல் எப்படி வைப்பது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்வது அந்த ஸாஃப்ட்வேர். அடுத்த பதிப்பில் எந்த வசதியைச் சேர்ப்பது, எதைத் தள்ளிவைப்பது என்று வரிசைப்படுத்துவது என் பொறுப்பு. கேட்கப்படுவது நூறு இருக்கும். செய்ய ஆள்பலம் இருப்பது பத்துக்கு.

இந்த வரிசையை எதை வைத்துப் போடுவது? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல்காரர் கோட்டையடுப்பின் முன் நிற்கிறார். இலையில் என்ன மிஞ்சுகிறது என்பது பரிமாறுகிறவருக்குத்தான் தெரியும். எங்களுக்குப் பரிமாறுகிறவர்கள் விற்பனைக்காரர்கள். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, "வாடிக்கையாளர்கள் என்ன கேட்கிறார்கள், அதனால் எவ்வளவு ரூபாய் வியாபாரம் நிற்கிறது?" என்று அவர்களுக்கு ஒரு எக்ஸெல் அட்டவணை அனுப்புவோம். வந்த பதில்களை ரூபாய் வாரியாக அடுக்குவோம். பெரிய தொகை மேலே, சின்னது கீழே. கணக்காக, நியாயமாக இருப்பதாகத்தான் தோன்றியது.

2016-ல் அந்த அட்டவணையின் முதல் வரி, இரண்டு ஊர்களில் உள்ள பெட்டிகளிலும் ஒரே நேரத்தில் எழுதும் வசதி. எதிரே 33 கோடி ரூபாய். பதினோரு மாதம் உழைத்து அதைச் செய்தோம். பிறகுதான் தெரிந்தது, அது 11 கோடி ரூபாய்க்கான ஒரே வியாபாரம். கணக்கைப் பார்த்துக்கொள்ளும் விற்பனையாளர் ஒருமுறை, அவருடன் போகும் தொழில்நுட்ப ஆள் ஒருமுறை, மண்டலத் தலைவர் ஒருமுறை என மூவரும் தனித்தனியாக எழுதியிருந்தார்கள். கூட்டியது நான். அந்த வாடிக்கையாளரோ கடைசியில் விலை குறைவு என்று வேறிடத்தில் வாங்கிவிட்டார்.

விற்பனைக்காரர்களைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. கைக்கு வந்த வியாபாரம் போய்விட்டால் மேலதிகாரிக்குக் காரணம் எழுத வேண்டும். "நான் தாமதமாகப் போனேன்" என்று யார் எழுதுவார்கள்? "நம் பொருளில் இந்த வசதி இல்லை" என்று எழுதுவது சௌகரியம். அதிலும் நாங்கள் கேட்டது காலாண்டின் கடைசி வாரத்தில், அவர்கள் இலக்கை எட்ட ஓடிக்கொண்டிருக்கும் சமயத்தில். அப்போது கேட்டால் அன்று கையில் இருக்கும் வியாபாரத்தைத்தான் சொல்வார்கள்.

அதே அட்டவணையில் 63-ஆவது வரியாக ஒன்று இருந்தது. நாக்பூர், அமராவதி, இந்தூர் பக்கம் சுற்றும் ஒரு சின்னப் பையன் எழுதியது. "நிர்வாகியின் பாஸ்வேர்டு ஒருவன் கையில் கிடைத்தால் எல்லா ஸ்னாப்ஷாட்டையும் அழித்துவிடலாமே என்று வாடிக்கையாளர் பயப்படுகிறார்." தொகை 18 லட்சம் ரூபாய்.

ஸ்னாப்ஷாட் என்பது, தகவல் ஒரு குறிப்பிட்ட கணத்தில் எப்படி இருந்தது என்பதைக் குறித்துவைப்பது. முழு நகல் எடுப்பதில்லை. பிறகு மாறும் பகுதிகளின் பழைய வடிவம் மட்டும் பத்திரமாக இருக்கும். அதனால் சில நொடிகளில் எடுத்துவிடலாம். காலையில் தப்பு நடந்தால் முந்தின ராத்திரி நிலைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் எடுத்துவைத்ததை அழிக்கவும் முடியும்.

2017 மே 12-ஆம் தேதி வான்னாக்ரை என்ற ஒன்று உலகம் முழுக்கப் பரவியது நினைவிருக்கும். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே ஸ்தம்பித்தன. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரகம். அது தானாகப் பரவிய புழு. பிறகு வந்தவர்கள் பொறுமைசாலிகள். உள்ளே நுழைந்து, நிர்வாகியின் பாஸ்வேர்டை எடுத்து, முதலில் காப்பு நகல்களை அழித்துவிட்டுப் பிறகுதான் பூட்டினார்கள்.

2018-ல் விதர்பாவில் எங்கள் வாடிக்கையாளரான ஒரு கூட்டுறவு வங்கியில் அதுதான் நடந்தது. நான் நேரில் போனேன். ஸ்னாப்ஷாட் ஒன்றுகூட இல்லை. டேப்பில் இருந்தது ஒன்பது நாள் பழைய கணக்கு. அந்த ஒன்பது நாள் வவுச்சர்களைக் கட்டுக்கட்டாக மேஜையில் கொட்டி, ராத்திரி பகலாக மறுபடி பதிந்துகொண்டிருந்தார்கள். வெளியே பென்ஷன் வாங்க வந்த வயதானவர்கள் வரிசையில் நின்றார்கள். மேலாளர் என்னைக் கோபிக்கவில்லை. "உங்கள் ஆளிடம் இதைத்தானே முன்னாடியே கேட்டேன்" என்று மட்டும் சொன்னார். அந்த 18 லட்ச ரூபாய் வாடிக்கையாளர் இவர்தான்.

புணே திரும்பியதும் பழைய அட்டவணைகளைப் புரட்டினேன். அந்தப் பையன் மூன்று காலாண்டு தொடர்ந்து அதே வரியை எழுதியிருந்தான். நான்காவதில் இல்லை. அவனைத் தேடினால் வேலையை விட்டுப் போயிருந்தான். நம்பர் வாங்கிப் பேசினேன். "மூன்று தடவை எழுதினேன் ஸார். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு பதிலும் வரவில்லை. அப்புறம் எதற்கு எழுதுவது என்று விட்டுவிட்டேன்" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இத்தனைக்கும் ஒருமுறை எழுதினால் அழிக்க முடியாத சேமிப்பு ஒன்றும் புதுமையில்லை. 2002-லேயே ஈ.எம்.சி. கம்பெனி சென்டெரா என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது. எங்களுக்குச் செய்ய நான்கு மாதம் பிடித்தது. அதிலும் பாதிக் காலம் கடிகாரத்துக்குப் போயிற்று. ஸ்னாப்ஷாட்டுக்கு முப்பது நாள் பூட்டுப் போட்டால், திருடன் பெட்டியின் கடிகாரத்தை முப்பது நாள் முன்னே தள்ளிவிட்டு அழிப்பான். அதனால் யாராலும் நகர்த்த முடியாத தனிக் கடிகாரம் ஒன்று உள்ளே வேண்டியிருந்தது.

கேட்கும் முறையையும் மாற்றினோம். காலாண்டின் முதல் இரண்டு வாரத்தில் கேட்டோம். "என்ன வசதி வேண்டும்?" என்பதை எடுத்துவிட்டு, "கடைசியாக எந்த வாடிக்கையாளரைப் பார்த்தீர்கள், அறையில் யார் இருந்தார், அவர் வாயால் என்ன சொன்னார், அந்த வசதி இல்லாமல் இப்போது எப்படிச் சமாளிக்கிறார்?" என்று கேட்டோம். கடைசிக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவர் தினமும் இரண்டு மணி நேரம் கையால் செய்து சமாளிக்கிறார் என்றால் அது உண்மையான தேவை. சமாளிக்க எதுவுமே செய்யவில்லை என்றால், டெண்டரில் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஒரு வரியாகவே பெரும்பாலும் இருந்தது.

தொழில்நுட்ப ஆட்களை மேலதிகாரி இல்லாமல் தனியாகக் கேட்டோம். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே வரி. சம்பந்தமில்லாத ஊர்களிலிருந்து ஒரே வாரத்தில் ஒரே வார்த்தை வந்தால் ரூபாயைப் பார்க்காமல் மேலே ஏற்றினோம். பணப்பரிவர்த்தனைத் தகவல் இந்தியாவில் மட்டுமே இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6-ஆம் தேதி உத்தரவிட்டபோது அப்படித்தான் வந்தது. சட்டம் கேட்பதைத் தள்ளிவைக்க முடியாது.

எல்லாவற்றையும் விடக் கஷ்டமானது பதில் எழுதுவது. எழுதின ஒவ்வொருவருக்கும் முப்பது நாளுக்குள் செய்கிறோம், செய்யவில்லை, ஏன் என்று மூன்று வரி. முதல் காலாண்டில் 140 கடிதம். என் குழுவில் இருந்த இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். "முடியாது" என்று எழுதியவர்களுக்குத்தான் அதிகம் பயந்தேன். ஆனால் அவர்கள்தான் அடுத்த தடவையும் விவரமாக எழுதினார்கள்.

அந்தப் பையன் திரும்பி வந்தானா என்று மாமி ஒருவர் கேட்கிறார். கூப்பிட்டேன், வரவில்லை. இப்போது ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறான், வாங்குகிற பக்கத்தில். எங்கள் ஆட்கள் விற்கப் போனால் பூட்டு இருக்கிறதா என்று கேட்பதில்லையாம். கடிகாரத்தை மாற்றிக் காட்டுங்கள் என்கிறானாம்.

காபி வந்துவிட்டது. மற்றக் கேள்விகளை அங்கே வைத்துக்கொள்வோம்.