கீழூரிலிருந்து நம் தெருவரை
(அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அண்ணல் மறைந்த நாளில் படத்துக்கு மாலை போட்டு, புகழ்ந்து பேசிவிட்டுக் கலைவது நமக்குப் பழகிவிட்டது. இன்று நம் ஊர்க் கணக்கு ஒன்றைப் பேசுவோம். பிறந்த நாள் முதல் ஒரே தெருவில் வாழ்கிற நம்மில் ஒருவர், அந்த ஊரை நிர்வகிக்கும் இடத்துக்கு எந்த வழியாகப் போகிறார்? அந்த வழி எங்கே அடைபடுகிறது?

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தைப் போற்றியவர்களோடு உடன்படவில்லை. கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாக ஏற்றதற்கு மகிழ்ந்தார். ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடக்கும் இடத்தில் அதிகாரத்தை அப்படியே இறக்கி வைத்தால் அது யார் வீட்டுத் திண்ணைக்குப் போய்ச் சேரும் என்பது அவருக்குத் தெரியும்.

அதற்கு முந்தைய மாதம்தான் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் நகரசபைத் தேர்தல் நடந்திருந்தது. கொம்யூன் அமைப்பு இங்கே 1880 முதலே உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று, வில்லியனூர் பக்கத்துக் கீழூரில், பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் வாக்களித்தார்கள். 8 பேர் எதிர்த்தார்கள். இந்த மண் எந்த நாட்டோடு சேரும் என்பதைத் தீர்மானித்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கீழூர் நினைவு மண்டபத்துக்குப் போகும் மாணவர்கள் அந்த 178 பேரில் சேரியிலிருந்து வந்தவர்கள் யார் என்று தேடி எழுதட்டும்.

பிறகு என்ன நடந்தது? 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006இல். இடையில் 38 ஆண்டுகள். 1973இல் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. 73ஆம் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல், மக்கள்தொகைக்கு ஏற்ப நமக்கு இடஒதுக்கீடு, அதில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றது. அதன் பிறகும் 13 ஆண்டுகள் காத்திருந்தோம். 2006இல் வந்தவர்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேர்தல் அறிவிப்பு வந்து, ஒதுக்கீட்டுச் சிக்கலில் நீதிமன்றம் ஏறி, நின்றுபோனது. ஐந்து நகராட்சிகளையும் பத்துக் கொம்யூன்களையும் அதிகாரிகள்தான் நடத்துகிறார்கள்.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். நம்மில் ஒருவர் பொறுப்புக்கு வரும் வழி வேட்புமனுவில் தொடங்குவதில்லை. எரியாத தெருவிளக்குக்கு மனு எழுதிக் கொடுப்பதில் தொடங்குகிறது. மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்த ஒருநாள், சுடுகாட்டுப் பாதைக்காக ஆணையர் அலுவலக வாசலில் நிற்கிறோம். பட்டாவுக்கு, விதவை உதவித்தொகைக்கு, அடைத்துக்கொண்ட வாய்க்காலுக்கு என்று நாலு பேருக்கு எழுதித் தருகிறோம். பத்து வருடத்தில் எந்த மேசைக்கு எந்தத் தாள் போகும் என்று மனப்பாடமாகிறது. “அக்கா, நீங்களே நில்லுங்க” என்று தெரு சொல்கிறது. 2006இல் அப்படி நின்றவர்கள் உண்டு. அதுவரை கோப்பு தூங்குகிறது என்று திரும்பி வந்தவர்கள், அன்றுமுதல் கோப்பை எடுத்து வரச் சொன்னார்கள்.

2011க்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பே இல்லை. மனு எழுதும் திறமை இருக்கிறது. கூட்டத்தில் எழுந்து கேட்க இடமில்லை. மனு கொடுப்பவராகவே முதுமை வந்துவிடுகிறது. சட்டமன்றத்துக்கு முப்பது தொகுதிகள். ஐந்துதான் நமக்கு ஒதுக்கியவை. சிறிய தொகுதி என்பதால் சாக்கடை முதல் சாலை வரை சட்டமன்ற உறுப்பினர் கையில்தான். உள்ளூரில் இன்னொரு தலைமை முளைப்பதை யார் விரும்புவார்கள்?

பாகூரைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். அங்கே தெற்குத் திட்டை ஊராட்சித் தலைவரான நம் சகோதரியைத் தரையில் உட்கார வைத்ததை 2020இல் நாடே பார்த்தது. மேலவளவில் தலைவராக வென்ற முருகேசனையும் உடனிருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். அங்கே நாற்காலி இருக்கிறது, உட்கார விடுவதில்லை. இங்கே நாற்காலியே போடவில்லை. இரத்தம் சிந்தாததால் இதை யாரும் வன்கொடுமை என்று எழுதுவதில்லை. ஆனால் நம்மிடமிருந்து பறிபோவது ஒன்றேதான்.

நாற்காலி கிடைத்துவிட்டால் சாதி ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அண்ணலின் எச்சரிக்கை அப்படியே இருக்கிறது. நம்மில் ஒருவரை உட்கார வைத்து, பின்னாலிருந்து இன்னொருவர் கையெழுத்து வாங்குவதும் நடக்கும். அதனால்தான் தேர்தல் கேட்பதோடு, தெருவையும் ஆயத்தம் செய்ய வேண்டும். மாணவர்களே, 1973 சட்டத்தைத் தெருவில் உட்கார்ந்து படியுங்கள். உங்கள் கொம்யூனின் வரவுசெலவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நம் குடியிருப்புக்கு என்று ஒதுக்கிய பணம் எந்தத் தெருவில் சிமெண்ட் ஆனது என்று நடந்து பாருங்கள். மனு எழுதும் அக்காக்களின் கூடப் போய் நில்லுங்கள்.

கீழூரில் அன்று 178 பேர் கூடினார்கள். இன்று அப்படி ஒரு முடிவுக்குக் கொம்யூன் உறுப்பினர்களைக் கூப்பிட்டால், வர ஒருவரும் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பும் நாளில் முன்வரிசையில் நம் தெரு இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.