கேட்டவருக்குச் சொன்ன பதில்



எங்கள் தெருவில் மூன்றாம் வீட்டு அம்மா, போன ஐப்பசி மழையில் வாசற்படியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். மகன் துபாயில். மருமகள் வேலைக்குப் போகிறவர். காலையில் கஞ்சி கொண்டுபோகும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள் தூக்குவாளியைத் திறந்து கஞ்சியை டம்ளரில் ஆற்றிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "ஏம்மா, நான் உனக்குச் சொந்தமா பந்தமா? தினமும் ரெண்டு பஸ் மாறி வர்றியே, எதுக்கு?"

"எங்க இயேசு சாமி எனக்குச் செஞ்சதுல இது ஒரு துளிம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "அப்போ உங்க சாமிகிட்ட எனக்காகவும் ஒரு வார்த்தை சொல்லு" என்றார். கட்டில் கம்பியைப் பிடித்தபடி ஜெபித்தேன். நெற்றியில் திருநீறோடு அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

சபையில் இதைச் சாட்சி என்போம். மைக்கைப் பிடித்துச் சொன்னால்தான் சாட்சி என்று வெகுகாலம் எண்ணியிருந்தேன். ஆனால் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நிற்பவர் தாம் கண்டதை, கேட்கும்போது சொல்கிறார். அவர் சொல் எடுபடுவதும் படாததும் அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதைப் பொறுத்தது.

தஞ்சாவூரில் அப்படிச் சொல் எடுபட்ட ஒருவர் வாழ்ந்தார். சுவார்ட்ஸ் ஐயர் என்ற மிஷனரி. 1750இல் ஜெர்மனியிலிருந்து தரங்கம்பாடி வந்தவர், 1798இல் சாகும்வரை சொந்த ஊர் திரும்பவில்லை. ஹைதர் அலி படையெடுத்த காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் தானியம் தீர்ந்து ஜனங்கள் பட்டினி. வெளியே குடியானவர்களிடம் நெல் இருந்தது, அதைச் சுமக்க மாடுகள் இருந்தன. ஆனால் முன்பு கொடுத்ததற்கே பணம் வராததால் அரண்மனையின் பேச்சை யாரும் நம்பவில்லை. சுவார்ட்ஸ் ஐயர், "பணத்துக்கு நான் பொறுப்பு" என்று சொல்லி அனுப்பினார். மாடுகள் வந்தன, கோட்டைக்குள் நெல்லும் வந்தது. சொன்னபடியே பணத்தையும் எண்ணிக் கொடுத்தார். இயேசுவைப் பற்றி அவர் அரசரிடமும் பேசினார், குடியானவரிடமும் பேசினார். அந்தப் பேச்சுக்குப் பின்னால் இந்த நாணயம் நின்றது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கஞ்சியைக் காட்டி ஆளைப் பிடிக்கக் கூடாது. உதவியைத் தூண்டில் ஆக்கினால் அது அன்பும் இல்லை, நற்செய்தியும் இல்லை. அந்த அம்மா இன்றும் வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறார். கம்பு ஊன்றி அவர் நடந்து போவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது. அதற்காக வாயை மூடிக்கொண்டே இருப்பதும் சரியில்லை. வாய்விட்டுக் கேட்டவரிடம் இயேசுவின் பெயரை மறைத்து, "சும்மாதான் வந்தேன்" என்று நான் சொல்லியிருந்தால் அது பொய்.

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள், பெரிய கோயிலைப் பார்த்த கையோடு, பக்கத்தில் சிவகங்கைத் தோட்டத்தில் இருக்கும் சுவார்ட்ஸ் ஆலயத்துக்கும் போய் வாருங்கள். உள்ளே ஒரு வெள்ளைச் சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. மரணப் படுக்கையில் சுவார்ட்ஸ் ஐயர், அவர் கையைப் பிடித்தபடி தஞ்சை மன்னர் சரபோஜி. சிறுவயதில் தம்மைக் காத்து வளர்த்தவருக்காக மன்னரே லண்டன் சிற்பி பிளாக்ஸ்மேனிடம் சொல்லிச் செய்வித்தது அது. சரபோஜி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார்.