டீக்குத் தோதான பிஸ்கட்



டீக்கென்று வாங்கும் பிஸ்கட்டை வெறும் வாயில் தின்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தனியே தின்னும்போது நாக்கை மயக்குகிற பிஸ்கட் பல நேரம் டீயில் பட்டதும் குழைந்து கெட்டுவிடுகிறது. தனியே தின்றால் சப்பென்று இருப்பது சூடான டீயோடு சேரும்போது மாவின் மணத்தோடு எழுந்து வருகிறது. டீ பிஸ்கட்டின் தரம் டீயோடு அது எப்படி நடந்துகொள்கிறது என்பதில் இருக்கிறது. இந்த ஒன்றை வைத்துக்கொண்டு கடை பிஸ்கட்டுகளைப் பார்ப்போம்.

முதலில் மூக்குக்கு வேலை கொடுங்கள். பாக்கெட்டைப் பிரித்தவுடன் கோதுமை மாவு சுட்ட மணம் வர வேண்டும். வனிலா எசன்ஸோ, வெண்ணெய் எசன்ஸோ அதை முந்திக்கொண்டு வந்தால் டீயின் மணத்தையும் அது அமுக்கிவிடும். குறிப்பாக, ஏலக்காய் தட்டிப் போட்ட டீக்கு வனிலா மணக்கும் பிஸ்கட் ஆகவே ஆகாது. அடுத்து, உறையின் பின்பக்கம். சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. முன்பக்கம் வெண்ணெய்க் கட்டியின் படம் இருந்தாலும், பின்பக்க வரிசையில் வெண்ணெய் எந்த இடத்தில் நிற்கிறது, பாமாயில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பாக்கெட்டுக்குள் சில பிஸ்கட்டுகள் உடைந்திருந்தால் லாரிக்காரரையும் கடைக்காரரையும் குறை சொல்கிறோம். அவர்கள் எவ்வளவு பத்திரமாகக் கையாண்டாலும் பிஸ்கட் உடையலாம். அடுப்பிலிருந்து வெளியே வந்து ஆறும்போது அதன் ஓரம் காற்றின் ஈரத்தை வாங்கி விரிகிறது. நடுப்பகுதி ஈரத்தை இழந்து சுருங்குகிறது. இந்த இழுபறியில் மயிரிழை போன்ற விரிசல் விழுகிறது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் 2003-இல் லேசர் ஒளியைக் கொண்டு இதை அளந்து காட்டினார்கள். ஆகவே உடைந்த பிஸ்கட்டைத் தள்ளிவிட வேண்டாம். பாக்கெட்டைப் பிரிக்கும்போதே நமுத்திருக்கும் பிஸ்கட்டைத்தான் தள்ள வேண்டும். இரண்டு விரலால் ஒடித்தால் சட்டென்று சத்தம் வர வேண்டும். வளைந்து பிய்ந்தால் ஈரம் ஏறிவிட்டது.

இனி டீ. நம் டீக்கடையில் பாலும் டிகாஷனும் சேர்ந்து கொதிக்கக் கொதிக்க ஆற்றித் தருகிற டீயைத்தான் சொல்கிறேன். அதில் பிஸ்கட்டை முக்கும்போது என்ன நடக்கிறது? பிஸ்கட் என்பது மாவுத் துகள்களைச் சர்க்கரையும் கொழுப்பும் பிடித்து வைத்திருக்கிற ஒரு கட்டு. நுண்ணிய துளைகள் வழியே டீ உள்ளே ஏறுகிறது, சர்க்கரை கரைகிறது, கொழுப்பு இளகுகிறது, கட்டு அவிழ்கிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் லென் ஃபிஷர் இதை ஆராய்ந்து, சிரிக்கவைத்துச் சிந்திக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசை 1999-இல் பெற்றார். அவர் கையாண்ட சமன்பாடு 1921-இல் வாஷ்பர்ன் என்பவர் எழுதியது. திரவம் இரண்டு மடங்கு தூரம் ஊற நான்கு மடங்கு நேரம் ஆகும் என்பது அதன் சாரம். பிஸ்கட்டை நிறுத்தி முக்கினால் இரு பக்கமும் நனைந்து டீ பாதிக் கனத்தை மட்டும் கடந்தால் போதும். படுக்கை வாக்கில் சாய்த்து, ஒரு பக்கத்தை மட்டும் டீயில் தொட்டால் முழுக் கனத்தையும் கடக்க வேண்டும். நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். உலர்ந்திருக்கும் மேல்பக்கம் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். கிளாஸில் இது கைகூடாது. வாயகன்ற கோப்பையோ டபராவோ வேண்டும்.

இந்தப் பரீட்சையில் என் கணக்கில் முதலிடம் மேரி பிஸ்கட்டுக்கு. 1874-இல் ரஷ்ய இளவரசி மரியா அலெக்சாண்ட்ரோவ்னாவுக்கும் எடின்பரோ கோமகனுக்கும் நடந்த திருமணத்தை முன்னிட்டு லண்டனின் பீக் ஃப்ரீன் நிறுவனம் செய்தது அது. அரண்மனையிலிருந்து புறப்பட்டு நம் ஊரில் காய்ச்சல்காரர்களின் தலைமாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. நோயாளி உணவு என்று ஒதுக்குகிறவர்கள் அதன் அருமையை இழக்கிறார்கள். சர்க்கரையும் கொழுப்பும் அதில் குறைவு. மாவை அழுத்திப் பிசைவதால் பசைச்சத்து வலைபோலப் பின்னிக்கொள்கிறது. அதனால் நனைந்த பிறகும் உருக்குலையாமல் கொஞ்சம் தாங்குகிறது. அதைவிட முக்கியம், மேரியைத் தின்றபின் குடிக்கும் மிடறில் டீயின் துவர்ப்பும் இனிப்பும் அப்படியே இருக்கின்றன.

குளுக்கோஸ் பிஸ்கட்டில் இனிப்பு கூடுதல். 1929-இல் மும்பையின் விலே பார்லேயில் தொடங்கிய பார்லே நிறுவனத்தின் பிஸ்கட்தான் இந்த வகையில் நாடு முழுக்கத் தெரிந்தது. அது மேரியைவிட வேகமாக ஊறும். நனைத்தவுடன் எடுத்துவிட வேண்டும். எடுத்ததும் வாயில் பால்கோவா போலக் கரையும். அந்தச் சுகத்துக்காக அடியில் சேரும் வண்டலைப் பொறுத்துக்கொள்ளலாம். டீயில் சர்க்கரையை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கரிக் கண்ணாடி ஜாடியில் இருக்கும் பட்டர் பிஸ்கட்டை டீயில் முக்கவே வேண்டாம். கொழுப்பு மிகுந்தது, சூடு பட்டதும் உதிர்ந்து டீயின் மேல் எண்ணெய் மிதக்கும். உலர்வாகக் கடித்து, அது வாயில் பொடியும்போதே ஒரு மிடறு டீ குடித்தால் அதற்கு நியாயம் செய்ததாகும். கிரீம் பிஸ்கட் டீக்கு ஆகாது. அதன் இனிப்புக்குப் பிறகு எந்த டீயும் கசக்கும்.

பால் இல்லாத டீ என்றால் கணக்கே மாறிவிடும். யாழ்ப்பாணத்தில் வெறுந்தேத்தண்ணியோடு கிறீம் கிறாக்கர் தின்பார்கள். 1885-இல் டப்ளினில் ஜேக்கப் நிறுவனம் கொண்டுவந்த இந்தப் பிஸ்கட்டில் பெயரில் மட்டும்தான் கிறீம் உண்டு. ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த மாவை அடுக்கடுக்காக மடித்துச் சுடுகிறார்கள். இனிப்பே இல்லாத அந்த மொறுமொறுப்பும் லேசான உப்பும் தேத்தண்ணியின் துவர்ப்பை எடுத்துக் கொடுக்கின்றன. பால் டீயோடு மட்டும் பழகியவர்கள் இதை அவசியம் தின்று பார்க்க வேண்டும்.

நல்ல பிஸ்கட் மழைக்காலத்தில் வீட்டில் இருந்து நமுத்துவிட்டால் எறிய வேண்டியதில்லை. வெறும் தோசைக்கல்லில் சிறு தீயில் வைத்துப் புரட்டி எடுத்து ஆறவிடுங்கள். ஈரம் போய்விடும். சூட்டோடு கடித்தால் மெத்தென்றுதான் இருக்கும். ஆறிய பிறகுதான் மொறுமொறுப்பு திரும்பும். எண்ணெய்ச் சிக்கு வாடை மட்டும் எந்தத் தீயிலும் போகாது. அந்த வாடை வந்துவிட்டால் அந்தப் பாக்கெட்டை டீப்பக்கம் கொண்டுவராதீர்கள்.