பாவு என்னும் சொல்

(அம்பத்தூரில் ஆற்றிய உரை)

  

இக்கூட்டத்திற்கு வரும் வழியில், ஒரு தெருமுனைப் பலகையில் 'பேவர் பிளாக் சாலை அமைக்கும் பணி' என்று எழுதியிருக்கக் கண்டேன். எழுத்து தமிழ், சொல் எவருடையது? 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த இவ்வம்பத்தூரிலும், 2019இல் தானே மாநகராட்சியான ஆவடியிலும், பூந்தமல்லியிலும் சந்துதோறும் இக்கற்களைப் பதிக்கின்றனர். பதிக்கின்ற கொத்தனாரைக் கேளுங்கள். 'பேவர்' என்பதன் பொருள் அவருக்குத் தெரியாது. அவர் பாட்டனுக்குப் 'பாவுதல்' தெரிந்திருந்தது.

பாவுதலாவது பரவுதல், பரப்புதல். பரவு, பரப்பு, பா, பாவு ஆகியவை ஓரினச் சொற்கள். உழவர் நாற்றங்காலில் விதை பாவினர். நெசவாளர் நீளவாட்டில் பரப்பிய இழையைப் பாவு என்றனர், குறுக்கிழை ஊடை. காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பாவு நீட்டிக் கட்டியிருக்கக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டா. பெரியோர் நடந்துவரத் தரையில் விரித்த துணி பாவாடை எனப்பட்டது. இன்று அஃது உடைப்பெயராகவே அறியப்படுகிறது. களிப்பு மிக்கவனைக் 'கால் தரையில் பாவவில்லை' என்கிறோம். கோயில் திருச்சுற்றிலும் வீட்டு முற்றத்திலும் கல்லைப் பரப்பிப் பதித்தலும் பாவுதலே. விதை, நூல், கல் மூன்றுக்கும் ஒரே வினை!

கன்னடத்தைப் பாருங்கள். அங்குச் சொன்முதற் பகரம் மூச்சொலியாகத் திரிந்தது. ஆயினும் இச்சொல்லின் இனச்சொல்லே விரித்தலையும் நெசவுப் பாவையும் குறிக்கிறது. பாவுகல்லின் பெயரிலும் நிற்கிறது. உடன்பிறந்தாள் காத்ததை நாம் தொலைக்கலாமா?

ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆங்கிலப் 'பேவ்' நம் 'பாவு'வினின்று பிறந்ததென்று அன்பர் சிலர் மகிழ்ந்து கூறுவர். நான் உடன்படேன். அஃது இலத்தீன வழிச்சொல். அதன் மூலவினைக்கு அடித்து இறுக்குதல் என்பது பொருள், நம் திமிசுக்கட்டை வேலை. அவர்கள் இடித்தார்கள், நாம் பரப்பினோம். ஒலியொப்புமையைச் சான்றாக்கினால் மெய்யான சான்றையும் பிறர் நம்பார். பிறப்பால் உறவில்லாவிடினும் பொருளால் நம் சொல் தன் காலிலேயே நிற்கிறது.

ஆகவே அக்கல் பாவுகல், அச்சாலை பாவுகற்சாலை. பலகையில் இடமும் மிஞ்சும்! 'தார்' என்பதைப் பற்றி ஓரன்பர் சீட்டு விடுத்திருக்கிறார். அதற்குக் 'கீல்' என்றொரு சொல் உண்டு. அது மற்றொரு மாலைப் பேச்சு.

பலகைச் சொல்லை மாற்றக் கோரும் விண்ணப்பம் மேசைமேல் இருக்கிறது. கையொப்பமிடுவோர் தலைப்பெழுத்தையும் தமிழிலேயே இடுக.