அந்த ஒரு மணி நேரம் எங்கே போச்சு?

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)



காரியதரிசி எனக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார். பத்து நிமிஷத்துக்கே இவ்வளவு கணக்குப் பார்க்கும் சபையில், ஒரு முழு மணி நேரத்தைத் தொலைத்துவிட்டு வந்தவன் பேச வந்திருக்கிறேன்.

ஒரு பிப்ரவரியில் நானும் என் சகதர்மிணியும் நியூ ஜெர்சியில் இருக்கும் பிள்ளையிடம் போனோம். மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல விடிகாலை காபி போட எழுந்தேன். என் எச்.எம்.டி. கைக்கடிகாரத்தில் அஞ்சு மணி. பிள்ளையின் செல்போனில் ஆறு. மைக்ரோவேவ் அடுப்பில் அஞ்சு. விசாரித்தால், ராத்திரி இரண்டு மணி ஆனதும் அதை மூன்று என்று சொல்லிவிட வேண்டும் என்பது அங்கே சட்டமாம். 2007 முதல், மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை இந்த ஏற்பாடு. எடுத்த ஒரு மணியை நவம்பரில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வட்டி கிடையாது. நாங்கள் ஜூலையிலேயே ஊர் திரும்பிவிட்டதால் எங்களுக்கு அசலும் வரவில்லை!

"இன்னிக்கு ராகு காலம் நாலரையிலேர்ந்தா, அஞ்சரையிலேர்ந்தா?" என்று கவலைப்பட்டாள் சகதர்மிணி. "ராகுகிட்ட செல்போன் இருந்தா அதுவே மாத்திண்டிருக்கும்மா" என்றான் பிள்ளை. நான் மட்டும் என் கடிகாரத்தைத் தொடவில்லை. சூரியன் மாறவில்லையே, நான் ஏன் மாற வேண்டும்?

இந்த யோசனை யாருக்கு வந்தது என்று தேடிப் பார்த்தேன். 1895-இல் நியூசிலாந்தில் ஜார்ஜ் ஹட்ஸன் என்கிற தபால் இலாகா ஊழியர். வேலை முடிந்ததும் பூச்சி பிடிக்கப் போகிறவர். சாயங்கால வெளிச்சம் போதவில்லை, கடிகாரத்தை இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள் என்றார். 1907-இல் இங்கிலாந்தில் வில்லியம் வில்லெட் என்கிற கட்டட கான்ட்ராக்டர். கோல்ஃப் ஆட்டம் இருட்டில் நின்றுபோவது பொறுக்காமல் அதேபோல ஒரு யோசனையை அச்சடித்து வெளியிட்டார். ஆக, இருவருமே "இன்னும் கொஞ்ச நேரம் விளையாடிட்டு வரேம்மா" கட்சி! விளையாடக் கேட்டபோது யாரும் கொடுக்கவில்லை. வில்லெட் 1915-இல் காலமானார். மறு வருஷமே, போர்க்காலத்தில் நிலக்கரியை மிச்சம் பிடிக்க முதலில் ஜெர்மனியும், பிறகு பிரிட்டனும் அதைச் சட்டமாக்கின. இரண்டாம் உலகப் போரின்போது நம் தேசத்திலும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்து, 1945 அக்டோபரில் பழையபடி ஆக்கினார்கள்.

அதற்குமேல் நமக்கு அது தேவைப்படவில்லை. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணிதான். நியூ ஜெர்சியில் கிட்டத்தட்ட ஆறு மணி. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் மட்டும், அந்தப் பக்கம் சீக்கிரம் பொழுது விடிவதால், தோட்டத்துக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு.

நான் வளர்ந்தது பம்பாய் மாதுங்காவில். 1906-இல் இந்திய நேரம் வந்த பிறகும், பம்பாய் மாநகராட்சி 1955 வரை தன் பழைய நேரத்தை விடவில்லை. அது இந்திய நேரத்துக்கு 39 நிமிஷம் பின்னால். என் தாத்தாவோ 1955-க்குப் பிறகும் விடவில்லை. எங்காத்துச் சுவர்க் கடிகாரம் பம்பாய் நேரத்திலேயே ஓடியது.

சாயங்காலம் கட்டடத்துப் பையன்கள் எல்லோரும் கீழே. ஊரில் நொண்டி, அங்கே லங்கடி. ஊரில் கிட்டிப்புள், அங்கே விட்டி தாண்டு. எல்லாவற்றுக்கும் மேலே லகோரி. ஏழு தட்டைக் கற்களை அடுக்கி, பந்தால் சாய்த்து, எதிர்க்கட்சி முதுகில் அறைவதற்குள் திரும்ப அடுக்க வேண்டும். ஆடுவது பாதி, சண்டை பாதி. "கடைசி ஆட்டம்" என்று நாலு தடவையாவது சொல்லியிருப்போம்.

அப்பா ஜன்னலில் நின்று, "மணி ஆறே கால்! உள்ளே வாடா!" என்பார். பின்னாலிருந்து தாத்தா குரல் வரும்: "என் கடியாரத்துல அஞ்சு முப்பத்தாறுதான் ஆறது. விளக்கு வைக்கறச்சே வருவன், விடுடா." அந்த 39 நிமிஷம் எனக்குத் தாத்தா எழுதி வைத்த சொத்து.

இப்போது நியூ ஜெர்சிக்கு வருவோம். ஜூன் மாசம், ராத்திரி எட்டு மணிக்கும் பளிச்சென்று வெயில். வீட்டுக்கு வீடு புல்வெளி. தெருவில் ஒரு குழந்தை இல்லை. பத்து வயசுப் பேரன் உள்ளே கணக்கு வகுப்புப் பாடம் எழுதிக்கொண்டிருக்கிறான். "ஏண்டா, அவனைக் கொஞ்சம் வெளியே விடப்படாதோ?" என்று பிள்ளையைக் கேட்டேன்.

"என்னை எந்த சாயங்காலம் நீங்க வெளியே விட்டேள்பா? எட்டாவதிலேர்ந்து அஞ்சு டு எட்டு கோச்சிங் க்ளாஸ். சூரியன் அஸ்தமிக்கறதை க்ளாஸ் ஜன்னல் வழியாத்தான் பார்த்திருக்கேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறைக்கிறது.

கணக்கு இலாகாவில் 35 வருஷம் இருந்தவன் நான். அத்தனை சாயங்காலங்களையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். அந்த ஊரில் மார்ச்சில் எடுத்ததை நவம்பரில் கொடுத்துவிடுகிறார்கள். நான் எடுத்ததை எந்த மாசத்தில் கொடுப்பது?

மறுநாள் சாயங்காலம் தோட்டத்திலிருந்து ஏழு தட்டைக் கற்களைப் பொறுக்கினேன். பழைய டென்னிஸ் பந்து ஒன்று கிடைத்தது. பேரனுக்கு லகோரி சொல்லிக்கொடுத்தேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இரண்டு பேர் வந்தார்கள். நாலாம் நாள் முதல் சண்டை வந்தது. அப்போதுதான் எனக்கு நிம்மதி. அஞ்சாம் நாள் ஆபீசிலிருந்து வந்த பிள்ளை, டையைக் கழற்றிவிட்டுக் கல் அடுக்க உட்கார்ந்தான்.

மாட்டுப்பெண் வாசலில் வந்து நின்றாள். "எட்டரை ஆயிடுத்து! எல்லாரும் சாப்பிட வாங்கோ!"

நான் எச்.எம்.டி.யைப் பார்த்தேன். "என் கடியாரத்துல ஏழரைதாம்மா ஆறது. விளக்கு வைக்கறச்சே வருவா, விடு."

டெல்லியோ, புனேயோ, பெங்களூரோ, உங்காத்தில் பேரன் பேத்திகள் இருந்தால், தினமும் ஒரு சாயங்காலக் கால் மணியாவது அவர்களுக்கு வாங்கிக் கொடுங்கள். சட்டம் வேண்டாம். மாறாத கடிகாரம் ஒன்றும், பிடிவாதக்காரத் தாத்தா ஒருவரும் போதும்.

காரியதரிசி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். என் கடிகாரப்படி இன்னும் நேரம் இருக்கிறது. ஆனாலும் விட்டுக்கொடுக்கிறேன்.